கல்வெட்டா, கண்ணாடிப் பேழையா: கலைப் பிரிவு மாணவருக்கு எது ஆய்வகம்?

தமிழ்நாட்டு மேனிலைக் கல்வியில் இயற்பியல் படிக்கும் மாணவருக்கு 100 மதிப்பெண்ணில் 20 செய்முறைக்கு உரியது. வரலாறும் சிறப்புத் தமிழும் படிப்பவருக்கோ எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 என்று கணக்கு முடிந்துவிடுகிறது. தங்கள் பாடத்திலும் கண்ணால் கண்டு சோதிக்கத்தக்க மூலப்பொருள் உண்டு என்பதை அறியாமலேயே பலர் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்துவிடுகிறார்கள். அந்த ஆய்வகத்தை வெளியே தேடச் சொல்லும்போது ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் இடங்கள் அருங்காட்சியகம், பெரிய நூலகம், இணையக் களஞ்சியம் ஆகிய மூன்றுதான். நான்காவதாக ஊர்க் கோயில் சுவரையும் வீட்டுப் பெரியவர்களின் பேச்சையும் சேர்த்துக்கொள்கிறேன். சில சனிக்கிழமைகளும் பேருந்துக் கட்டணமும் மட்டுமே கையிலுள்ள பதினாறு வயது மாணவர், பிறர் ஆயத்தம் செய்து வைக்காத ஒன்றைத் தாமே பார்த்து, ஐயுற்று, எழுதிவைக்க இவற்றுள் எது மிகுதியாக இடம் தருகிறது என்பதே இங்கு என் அளவுகோல்.

அருங்காட்சியகத்துக்குக் கீழடியை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தொல்லியல் துறை 2014இல் தொடங்கிய அகழாய்வை நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை மேற்கொண்டது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கீழடிப் பானை ஓடுகளில் ‘குவிரன் ஆதன்’ போன்ற பெயர்கள் கீறப்பட்டிருப்பதைப் பாடநூலில் ஒரு வரியாகப் படிப்பதற்கும், அன்றாடம் புழங்கிய மண்பாண்டத்தின் மேல் யாரோ கீறிய எழுத்தை நேரில் பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கச் சீட்டு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பள்ளிச் சுற்றுலாவாகச் செல்லும் மாணவர் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சீட்டையும் முன்னால் நிற்பவரின் முதுகையும்தான். தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தின் (தமிழ் பிராமி) அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஓட்டின் எழுத்துகளைத் தாளில் வரைந்து தாமே படித்துப் பார்ப்பவருக்குப் பயன் உண்டு. அதற்குத் தனியாகவோ இருவராகவோ செல்ல வேண்டும்.

நூலகத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா, 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை சென்னை, மதுரை மாணவர்களுக்கு வாய்த்த பேறு. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான சென்னை ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களுக்கும் அச்சு நூல்களுக்கும் பெயர்பெற்றது. ஆனால் கேள்வியோடு வருபவருக்குத்தான் நூலகம் பயன்படும். எதைக் கேட்பது என்றே தெரியாத மாணவர் போட்டித் தேர்வுக்குப் படிப்போர் நடுவில் ஓரிடம் பிடித்து, பாடநூலையே மறுபடியும் படித்துவிட்டுத் திரும்புவார்.

இணையம் தொலைவைப் பொருளற்றதாக்கிவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் படிமமாக்கிய நூல்களையும் அகராதிகளையும் வைத்திருக்கிறது. வசதி மிகுதியானதால் வெட்டி ஒட்டும் பழக்கமும் மிகுதி என்பதை எந்த ஒப்படைப்பைத் திருத்தும் ஆசிரியரும் அறிவார். இதற்கு நல்ல விதிவிலக்கு, பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதித் திருத்தும் இணைய நூலகமான விக்கிமூலம். அங்கே ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படிமமும் மறுபுறம் தட்டெழுத்து வடிவமும் நிற்க, பிழை திருத்துவது படிப்பவரின் வேலையாகிறது. திருத்தப்பட்ட பக்கம் மஞ்சள் நிறமும், இன்னொருவர் சரிபார்த்தபின் பச்சை நிறமும் பெறுகிறது. சந்திப்பிழையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைவிட இத்தகைய நாற்பது பக்கங்களைத் திருத்துவது மேல் என்று சிறப்புத் தமிழ் மாணவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

இனி நான்காவது வழி. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தேர்ந்த உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் படிக்காத மாணவர் இல்லை. அதைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் இரண்டு; ஒன்று 919ஆம் ஆண்டையும் மற்றொன்று 921ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. முந்தையதில் வாரிய (ஊர்ச் சபையின் குழு) உறுப்பினரின் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். பிந்தையதில் 35க்கு மேல் 70க்குள். இரண்டே ஆண்டில் விதி ஏன் மாறியது என்ற கேள்வி, பாடநூலின் ‘ஊராட்சி மக்களாட்சி’ என்ற ஒற்றைத் தொடரில் எழ வாய்ப்பே இல்லை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்பதையும், அது பிராமணர் ஊரின் சபை என்பதையும் அதே கல்வெட்டுகளில் காணும் மாணவர், யார் யார் பெயர் அந்தக் குடத்துக்குள் செல்லவே முடியாது என்று கணக்கிடத் தொடங்குவார்.

மொழி மாணவருக்குத் தஞ்சைப் பெரிய கோயில் இன்னும் சுவையானது. தன் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லும் இராசராசனின் ஆணையில் ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று வருகிறது. கட்டுரையில் ‘குடுத்த’ என்று எழுதியதற்காகச் சிவப்பு மையில் சுழிக்கப்பட்ட மாணவர், அதே வடிவம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசன் வாக்காகவே கல்லேறியிருப்பதைக் காணும்போது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஓர் இயல் முழுவதும் சொல்லாததைக் கற்றுக்கொள்கிறார். இந்தக் கல்வெட்டு தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருப்பதால், சுவரில் தாம் படித்ததை அச்சோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளவும் முடிகிறது. செய்முறைக்குத் தேவையான சரிபார்ப்பு இங்கே கிடைப்பதுபோல் முன்சொன்ன வழிகளில் விக்கிமூலம் ஒன்றில்தான் கிடைக்கிறது.

இடர்கள் இல்லாமல் இல்லை. கல்லெழுத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்தின் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். இடையிடையே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும். முதல் வரியைப் படிக்கவே சில வாரங்கள் பிடிக்கலாம். எழுத்து தெளிவதற்காகச் சுண்ணாம்போ மாவோ பூசுவது கல்லைக் கெடுக்கும் என்பதால், பக்கவாட்டிலிருந்து கைவிளக்கொளி பாய்ச்சிப் படமெடுப்பதே முறை. அதற்கும் கோயிலாரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோயில் அமையாத இடத்தில் வீடே போதும். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்று தொடங்கி, தாத்தா சொல்லும் தறிச் சொற்களைக் கைபேசியில் பதிந்து, ஒவ்வொன்றையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தேடிப் பார்க்கலாம். அகராதியில் இல்லாத சொல் ஒன்று அகப்பட்டாலும் அது அந்தப் பிள்ளையின் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆகவே என் வரிசையில் ஊர்க் கல்வெட்டும் வீட்டுச் சொல்லும் முதலில் நிற்கின்றன. இணையம் அவற்றுக்குத் துணையாக இரண்டாமிடம் பெறுகிறது. கேள்வி ஒன்று கைக்கு வந்தபின் செல்லவேண்டிய நூலகம் மூன்றாவது, அருங்காட்சியகம் கடைசி. பெருநகர மாணவருக்கு மட்டும் நூலகத்தை ஓரிடம் மேலே ஏற்றுவேன். செங்கம், தருமபுரிப் பக்கத்து மாணவருக்குச் சோழர் சுவர்களுக்குப் பதிலாக, இறந்த வீரருக்கு நட்ட நடுகற்கள் உண்டு. அவற்றின் வாசகம் சில வரிகளே என்பது தொடக்கநிலையாளருக்கு நல்லது. பல கற்களில் எழுத்து, வட்டெழுத்து என்னும் பழைய வரிவடிவமாக இருப்பதால், அதற்கென்று தனி அட்டவணை ஒன்றை முதலில் எழுதிப் பழகிக்கொள்ள வேண்டும்.