எக்ஸை விட்டுப் போவதென்றால் எங்கே போவது?

2022 அக்டோபரில் ட்விட்டர் 4,400 கோடி டாலருக்குக் கைமாறியது. அப்புறம், கணக்கு அசல்தான் என்று காட்டிய நீல டிக் காசுக்கு வந்தது. 2023 ஜூலையில் ஒரு நாளைக்கு இத்தனை பதிவுதான் படிக்கலாம் என்றார்கள். அதே மாதம் குருவிச் சின்னமும் போய், பெயரே எக்ஸ் ஆனது. 2024 கடைசியில், நாம் பிளாக் செய்தவரும் நம் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம் என்றானது. மூட்டை கட்டியவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்த்தது த்ரெட்ஸ், மாஸ்டடான், புளூஸ்கை என்ற மூன்று இடங்களை.

த்ரெட்ஸுக்குக் குடிபோவது ரொம்பச் சுலபம். இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் போதும். 2023 ஜூலையில் ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தது அப்படித்தான். ஆனால் வீட்டுக்காரர், இன்ஸ்டாகிராமையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனம். அரசியல் பதிவுகளைத் தானாகப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2024 பிப்ரவரியில் சொன்னவர்கள், 2025 ஜனவரியில் அதை மாற்றிக்கொண்டார்கள். எது சரி என்பது வேறு பேச்சு. ஒரு வருடத்துக்குள் தலைகீழ் மாற்றம், அதுவும் நம்மைக் கேட்காமல். எக்ஸில் கோபம் வந்ததே இதற்குத்தானே?

மாஸ்டடான் அதற்கு நேர்மாறு. 2016இல் ஒயிகன் ரோச்கோ ஜெர்மனியில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தனி சர்வர் (கணக்குகளும் பதிவுகளும் இருக்கும் கணினி) நடத்தலாம் என்பதால், ஒரே பணக்காரர் மொத்தமாக வாங்கிவிட முடியாது. ஆனால் எந்த சர்வரில் சேர்வது என்று யோசிக்கும்போதே பலருக்குத் தலை சுற்றிவிடும். சர்வர் மாறினால் ஃபாலோயர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது.

என் ஓட்டு புளூஸ்கைக்கு. 2019இல் ட்விட்டருக்குள்ளேயே முளைத்த திட்டம் இது. 2024 பிப்ரவரியில்தான் அழைப்பு இல்லாமல் எல்லோரும் சேர முடிந்தது. எந்தப் பதிவை முதலில் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதம் எது வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம், நேரவரிசை மட்டும் போதுமென்றால் அதுவும் உண்டு. சொந்த டொமைன் (இணையதள முகவரி) இருந்தால் அதையே பெயராக வைத்துக்கொள்ளலாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இருக்கிறது: 'தமிழ்' என்று எழுதினால் எக்ஸ் கொக்கி, புள்ளியையும் தனித்தனியாகச் சேர்த்து ஐந்து என்று கணக்கிடும், புளூஸ்கை மூன்று என்றே எண்ணும். ஒரு பதிவுக்கு அங்கே 280 எழுத்து, இங்கே 300 என்பதைவிட இந்த வித்தியாசம் பெரிது.

குறை இல்லாமலா? இதுவும் முதலீட்டாளர் பணத்தில் ஓடும் நிறுவனம்தான். 2024 அக்டோபரில் 1.5 கோடி டாலர் திரட்டினார்கள். நாளை அவர்களும் மனம் மாறலாம். கணக்கையும் ஃபாலோயர்களையும் வேறு சர்வருக்கு எடுத்துப் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்றாலும், பெரும்பாலோர் இன்னும் அந்த நிறுவனத்தின் சர்வர்களில்தான் குடியிருக்கிறார்கள்.

எங்கே போனாலும் சரி, முதலில் எக்ஸ் செட்டிங்ஸில் உங்கள் ஆர்கைவுக்கு, அதாவது பழைய பதிவுகளின் நகலுக்கு, விண்ணப்பித்துவிடுங்கள். கேட்ட உடனே கையில் கிடைக்காது. அது வந்து சேரும்வரை கணக்கை அழிக்க வேண்டாம்.