பழைய இதழ்களின் மின்னூலகம்: பக்கம் இருக்கிறது, தேடினால் வராது

சுயமரியாதை இயக்கக் காலத்து இதழ்களைப் பக்கம் பக்கமாக வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் ஏற்றியிருக்கும் ஒரு மின்னூலகத்தை, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதற்காகச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 1989-இல் தமிழக அரசு தொடங்கிய திருமண உதவித் திட்டத்தின் பெயராகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர், 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட படையோடு நடந்தவர் என்ற விவரங்களை விரிவாக அறிய, அக்காலத்து இதழ்களைப் புரட்டத்தான் வேண்டும்.

படங்களின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் தாளின் மடிப்பும், மறுபக்கத்து மை ஊறிய கறையும்கூடத் தெளிவாகத் தெரிகின்றன.

கைவிடுவது தேடுபெட்டிதான். இராமாமிர்தம், ராமாமிருதம், இராமாமிர்தத்தம்மாள் என்று பெயர் பலவாறாக அச்சாகியிருக்க, ஒன்றைத் தட்டினால் மற்றவை வருவதில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்தில் இருக்கிறது. பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-இல். இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்திலேயே வந்த இதழ்களில், யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்ட பழைய 'லை', 'னை' ஆகியவற்றை, பக்கப் படத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும் மென்பொருள் படிக்கத் தெரியாமல் விழிப்பதால், 'சென்னை' என்றோ 'தலைவர்' என்றோ தேடினால், கண்ணெதிரே அச்சொல் இருக்கும் பக்கம்கூடச் சிக்குவதில்லை. சீர்திருத்தம் செய்தவரின் இதழ் எளிதாகக் கிடைக்க, மற்றவை மறைந்துபோகின்றன என்பது வேடிக்கைதான்.

பட்டியலும் உதவவில்லை. இதழின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகிய மூன்றோடு அது நின்றுவிடுகிறது. மாநாட்டில் பேசியவர்களும் தீர்மானம் முன்மொழிந்தவர்களும் அதில் இடம்பெறுவதில்லை. பெண்கள் இதழாசிரியர்களாக இருந்தது அரிது என்பதால், இந்த முறையில் முதலில் விடுபடுகிறவர்கள் அவர்களே. சுயமரியாதை இயக்கப் பெண்களான குஞ்சிதம் குருசாமியின் பேச்சையும் நீலாவதியின் கட்டுரையையும் நான் கண்டெடுத்தது தேடி அல்ல, வேறொன்றுக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது.

ஆகவே, புதிதாக வருகிறவர்கள் நிகழ்ச்சி நடந்த மாதத்தை வேறெங்காவது உறுதிசெய்துகொண்டு, அதற்கடுத்த மூன்று நான்கு இதழ்களை முழுமையாகப் படிப்பதே நல்லது. ஆண்டு தவறாகப் பதிவான இரண்டு இதழ்களைக் குறிப்பிட்டு எழுதினேன். ஒன்றைப் பத்து நாளில் திருத்திவிட்டார்கள், மற்றொன்று இன்னும் அப்படியே இருக்கிறது.