கெய்ட்டாவா, அலிசனா: எந்த ரேங்க் பட்டியலை நம்புவது?

ஐரோப்பியக் கால்பந்தில் அணிகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கோடை டிரான்ஸ்ஃபர் கதவு மூடிய மறுநாளே ரேங்க் பட்டியல்கள் வந்துவிடும். புதிதாக வாங்கியதில் எந்த சைனிங் முதலிடம், எந்த அணிக்கு ‘ஏ’, எந்த அணிக்கு ‘டி’ என்று காட்பாடி டீக்கடையிலும் சத்துவாச்சாரி மாடி ரூம்களிலும் விடிய விடிய வாக்குவாதம் நடக்கும். அதில் பாதி, ஆட்டக்காரரைப் பற்றிய வாக்குவாதமே இல்லை. ஒருவர் விலைப் பட்டியலை வைத்துப் பேசுவார், அடுத்தவர் புள்ளிவிவரப் பட்டியலை வைத்துப் பேசுவார், மூன்றாமவர் அணியில் எங்கே ஓட்டை என்று பேசுவார். மூன்றும் அளப்பது மூன்று வேறு விஷயங்களை.

எது சரியாக அளக்கிறது என்று பார்க்க, விடை தெரிந்த பழைய கேள்வித்தாள் ஒன்று வேண்டும். 2018 கோடையில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி எடுத்த நால்வர் அதற்குக் கச்சிதம்: கோல்கீப்பர் அலிசன், மிட்ஃபீல்டர்கள் நாபி கெய்ட்டா, ஃபபினோ, கடைசியாக ஷகிரி.

விலைப் பட்டியல் அலிசனை முதலில் வைத்தது. அவரை விற்ற ரோமா அணிக்கு 6.68 கோடி பவுண்டு வரை போகக்கூடிய ஒப்பந்தம். அடுத்து கெய்ட்டா சுமார் 5.3 கோடி, ஃபபினோ ஏறக்குறைய 4 கோடி, ஷகிரி 1.3 கோடியை ஒட்டி. அலிசன் விஷயத்தில் பட்டியல் சொன்னது பலித்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் மூன்றே வாரத்தில் செல்சி அணி கெபா என்ற கீப்பரை 7.16 கோடிக்கு வாங்கியது. விலையை நம்பினால் கெபாதான் பெரிய கீப்பர். அது அவரது பழைய அணி பில்பாவோ ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை, கட்டினால் ஆளை விட்டே ஆக வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொகை ஆட்டக்காரரின் தரத்தைச் சொல்லாது, விற்பவரின் பிடியைத்தான் சொல்லும். இரண்டு வருடம் கழித்து அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ரென் அணியிலிருந்து கீப்பர் மென்டி வந்தார். 2021 சாம்பியன்ஸ் லீக்கை செல்சி வென்றது அவரைக் கோலில் நிறுத்தித்தான்.

விலையை ஒப்பிட்டே தீர வேண்டுமானால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு வருடக் கணக்குப் போட வேண்டும். 6 கோடிக்கு வாங்கி 5 வருட ஒப்பந்தம் போட்டால் கணக்கில் வருடத்துக்கு 1.2 கோடி ஏறும். சம்பளம் தனி. அதே தொகைக்கு 8 வருட ஒப்பந்தம் என்றால் 75 லட்சம்தான். செல்சி நீண்ட ஒப்பந்தங்களாகப் போட்டுத் தள்ளியதற்கு இது ஒரு காரணம். எத்தனை வருட ஒப்பந்தமானாலும் 5 வருடத்துக்கு மேல் பிரித்துக் காட்ட முடியாது என்று 2023-ல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ விதி கொண்டுவந்தது. விற்கும்போது வேறொரு கணக்கு இருக்கிறது: 5 வருட ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் போனபின், கொடுத்த 6 கோடியில் கணக்குப் புத்தகத்தில் 3.6 கோடி மிச்சம் நிற்கும். அதற்குக் குறைத்து விற்றால் நஷ்டம். இதையெல்லாம் சொல்லாத விலைப் பட்டியல் வெறும் பில்தான்.

புள்ளிவிவரப் பட்டியலுக்கு கெய்ட்டா செல்லப்பிள்ளை. முன்பு ஆடிய ஜெர்மன் அணி லைப்சிக்கில் பந்தைப் பறிப்பது, பறித்த பந்தோடு இரண்டு பேரைத் தாண்டி ஓடுவது, இரண்டிலும் அசத்தினார். 90 நிமிடத்துக்கு எத்தனை என்ற கணக்கில் அவர் அழகாகத் தெரிந்தார். அந்தக் கணக்குக்குத் தெரியாத ஒன்று, ஆள் எத்தனை நிமிடம் களத்தில் நிற்பார் என்பது. லிவர்பூலில் காயம் மாறிக் காயம் வந்து 2023-ல் கட்டணமே இல்லாமல் கிளம்பினார்.

அதற்காக எண்களைத் தூக்கி எறிய வேண்டாம். படிக்கும் வரிசையை மாற்றினால் போதும். முதலில் கடைசி இரண்டு பருவத்தின் மொத்த நிமிடங்கள். 38 ஆட்ட லீக்கில் ஒரு பருவம் முழுக்க ஆடினால் 3,420; ஜெர்மனியில் 34 ஆட்டம்தான், எனவே 3,060. ஒரு பருவத்தில் 900 நிமிடம்கூட ஆடாதவரின் சராசரியை ஒதுக்கிவிடலாம், நாலு நல்ல ஆட்டம் போதும் அதை ஏற்றிவிட. ஸ்ட்ரைக்கர் என்றால் பெனால்டி கோல்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். கீப்பர் என்றால் கிளீன் ஷீட்டை, அதாவது கோலே வாங்காத ஆட்டங்களை, எண்ணாதீர்கள், அது பாதி டிஃபென்ஸின் சம்பாத்தியம். கோலுக்கு நேராக வந்த ஷாட்டுகள் எவ்வளவு கடினம், அதில் எத்தனை உள்ளே போயின என்று பாருங்கள்.

இனி, அணியில் எங்கே ஓட்டை என்று பார்க்கும் தேவைப் பட்டியல். நம் வோட்டு இதற்குத்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் கட்டிங் மேசையில் நிற்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். விரல் மடங்கும் முன்பாகத்துக்கு முதுகுத் துண்டு வேண்டும். உள்ளே மறையும் நாக்குக்கு வயிற்றுத் துண்டு போதும். முதுகுத் துண்டை நாக்குக்கு வெட்டினால் தோல் தரமானதுதான், வெட்டு வீண்.

2018 மே மாதம் கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் கீப்பர் கரியுஸ் செய்த இரண்டு தவறுகளை உலகமே பார்த்தது. லிவர்பூலின் ஓட்டை எங்கே என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. அந்தப் பருவம் லீக்கில் 38 கோல் வாங்கிய அணி, அலிசன் வந்த பருவத்தில் வாங்கியது 22. முழுப் பெருமையும் அவருக்கு இல்லை. டிஃபென்டர் வான் டைக் ஜனவரியிலேயே வந்துவிட்டார், முழுப் பருவம் ஆடியதும் அப்போதுதான். ஃபபினோ லீக்கில் முதல் பதினொன்றில் இறங்கவே அக்டோபர் கடைசி ஆயிற்று. செப்டம்பரில் மார்க் போட்டவர்கள் அவரை ஃபெயில் ஆக்கியிருப்பார்கள். பிறகு டிஃபென்ஸுக்கு முன்னால் தூண் மாதிரி நின்றவர் அவர்தான்.

அதே கோடையில் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்த ஃபுல்ஹாமையும் பக்கத்தில் வையுங்கள். பெயர்கள் பளபளத்தன. ஆனால் டிரான்ஸ்ஃபரின் கடைசி நாளில் மட்டும் ஐந்து பேர். இரண்டே நாளில் முதல் ஆட்டம். டிஃபென்ஸ் என்பது ஒரே கோட்டில் ஏறி இறங்கப் பழக வேண்டிய கூட்டு வேலை. பருவத்துக்கு முந்தைய பயிற்சி இல்லாமல் அது அமையாது. 81 கோல் வாங்கி, 26 புள்ளியோடு கீழ் லீக்குக்கு இறங்கினார்கள். எந்தத் தேதியில் சேர்ந்தார் என்ற ஒரு கட்டம் பெரும்பாலான பட்டியல்களில் கிடையாது. இருக்க வேண்டும்.

சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு விலைப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக்குக்கு வரும் வெளிநாட்டவர் பலர் கட்டணமின்றி, குறுகிய ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் என்பதால், அந்த நான்கு இடத்தை எந்தெந்த நிலைக்குச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் அங்கே முழு ரேங்க்கும்.

லிவர்பூல் நால்வருக்கு முதல் பருவத்தை வைத்து நம் வரிசை: அலிசன், ஃபபினோ, ஷகிரி, கெய்ட்டா. மூன்றாவது இடத்துக்குத்தான் சண்டை வரும். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் போட்டவர் ஷகிரி. 2019 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கெய்ட்டா காயத்தோடு வெளியேறினார். ஆறு நாள் கழித்து லிவர்பூலின் சொந்த மைதானம் ஆன்ஃபீல்டில், 4-0 என முடிந்த இரண்டாவது ஆட்டத்தில், வைனால்டம் தலையால் முட்டிய மூன்றாவது கோலுக்கு இடப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுத்தது, நால்வரில் விலை குறைந்த அந்த ஷகிரி.