நான்கு ஆண்டுகள் உரிக்காமல் விட்ட படலம்: கேனோப்பிப் பாதுகாப்புப் பூச்சு பற்றி என் அனுபவம்

தன் விமானத்தின் கேனோப்பிக்கு, அதாவது விமானி இருக்கையின் மேல் மூடும் ஒளி ஊடுருவும் கூண்டுக்கு, உரித்தெடுக்கும் ரகப் பாதுகாப்புப் பூச்சு அடிக்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். நான் சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் அக்ரிலிக் கேனோப்பி, இந்த ரப்பர்பால் பூச்சுடனேயே வந்து சேர்ந்தது. ஓராண்டில் முடியும் என்று நம்பிய வேலை நான்கு ஆண்டுகள் இழுத்துவிட்டது. பூச்சும் அதுவரை அப்படியே கிடந்தது.

அதற்குரிய நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுமினியத் துருவல், உப்புத்தாள் தூசி, தவறிச் சொட்டிய எபாக்சிப் பிசின் எல்லாம் அந்தப் படலத்தின் மேல்தான் விழுந்தன. அடியில் இருந்த அக்ரிலிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. இருபுறமும் வளைந்த பரப்பில் ஒட்டுத்தாள் சுருக்கம் விழாமல் படியாது என்பதால், தெளிக்கும் பூச்சுக்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் உரிக்கத் தொடங்கிய அன்று என் பொறுமை எல்லாம் கரைந்தது. புதிதாக இருக்கும்போது ஒரே தாளாக எழுந்து வரவேண்டிய படலம், வெயிலும் வெப்பமும் பட்டு நெகிழ்வை இழந்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் தபால்தலை அளவு துண்டு வரும், அத்தோடு அறுந்துவிடும். தடிமனாக விழுந்திருந்த நடுப்பகுதி ஓரளவு ஒத்துழைத்தது. தெளிப்பு மெலிந்து புள்ளிப் புள்ளியாய்ப் படிந்திருந்த விளிம்புகளில் பிடித்து இழுக்க எதுவுமே இல்லை. மூன்று மாலைகள் கழித்தும் ஒரு கைக்குட்டை அளவுக்கு மேல் தெளியவில்லை.

அந்த எரிச்சலில்தான் தவறு நடந்தது. பின்மூலையில், திருகுத் துளை ஒன்றின் அருகில், பெயின்ட் தின்னர் தோய்த்த துணியால் நான் ஒருமுறை துடைத்தேன். பூச்சு உடனே கரைந்தது, மகிழ்ந்தேன். சில நாட்கள் கழித்துக் காலை வெயில் சாய்வாக விழுந்தபோது, அந்தத் துளையைச் சுற்றி வெள்ளி இழைகளைப் போல மயிரிழை வெடிப்புகள் மின்னின. வளைக்கும்போதும் துளையிடும்போதும் அக்ரிலிக்கில் உள்தகைவு, அதாவது உள்ளுக்குள் ஓர் இறுக்கம், தங்கிவிடுகிறது. தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் அந்தத் தகைவு வெடிப்பாக வெளிப்படுகிறது. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் அருகில் கொண்டுவரக் கூடாது. கீறலை மைக்ரோமெஷ் எனும் மிக நுண்ணிய மெருகுத் தாள்களால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றிவிடலாம். ஆழமாக இறங்கிய வெடிப்புக்கு அந்த வழி இல்லை.

வழி பிறந்தது நான் எதிர்பாராத இடத்தில். பழைய பூச்சின் மேலேயே அதே பூச்சைப் புதிதாக, தாராளமாக அடித்துக் காயவிடும்படி அனுபவமுள்ள ஒருவர் சொன்னார். நம்பிக்கையில்லாமல்தான் ஒரு முழ நீளத்துக்கு அடித்தேன். புதுப்பூச்சின் ஈரம் பழையதை இளக்கி, இரண்டும் ஒன்றாகப் பிணைந்து, காய்ந்தபின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது, நான்கு ஆண்டுப் படலம் கையோடு தாளாக எழுந்து வந்தது. அடியில் தெரிந்த தெளிவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அதற்கும் மசியாமல் எஞ்சிய விளிம்புத் துகள்களை அலிஃபாட்டிக் நாஃப்தா எனும், அக்ரிலிக்கைத் தாக்காத பெட்ரோலியக் கரைப்பானில் நனைத்த மென்துணியால் சிறிது சிறிதாக இளக்கி, உடனுக்குடன் சுத்தமான நீரால் கழுவினேன். கழுவும்போது வெறுங்கையால் தடவுவதே நல்லது. மணல் துகள் இருந்தால் விரலுக்குத் தெரியும், துணிக்குத் தெரியாது. பிறகு காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கவும் கூடாது: நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும், அந்தத் தூசியே அடுத்த கீறலுக்குக் காரணமாகும்.

நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. மேலே நான் எழுதியதற்கு இது முரண் என்று அறிவேன். பூச்சு தன் வேலையைக் குறையின்றிச் செய்தது, குறித்த காலத்தில் உரிக்காதது என் பிழை, இரண்டும் உண்மை. ஆயினும் ஒவ்வொரு முறை கேனோப்பியை மூடும்போதும் அந்தப் பின்மூலை கண்ணில் படுகிறது. அடுத்த விமானத்துக்கு மென்துணி உறை ஒன்றைத் தைக்கக் கொடுத்துவிட்டேன்.