கால் டீடாக்ஸ் மெஷினா, உப்பு வெந்நீரா, கரிகிரி வழியா?

அரை மணி நேரம் காலைத் தண்ணீரில் வைத்தால் உடம்பிலுள்ள நஞ்செல்லாம் பாதம் வழியாக இறங்கிவிடும் என்கிறார்கள் டீடாக்ஸ் ஃபுட் பாத் விற்பவர்கள். வேலூர் பக்கம் காட்பாடி, சத்துவாச்சாரியில் இருக்கும் சொந்தக்காரர்கள் "போகலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வெறுமனே வேண்டாம் என்றால் யாரும் கேட்பதில்லை. அதனால் காரணத்தையும், அதற்குப் பதில் எது நல்லது என்பதையும் எழுதுகிறேன்.

டப்பில் தண்ணீர், கொஞ்சம் உப்பு, நடுவில் ஒரு உலோகச் சுருள். இதுதான் மெஷின். ஸ்விட்ச் போட்டதும் சுருளைச் சுற்றிக் குமிழி கிளம்பும். தண்ணீர் வெளிறிய மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் டீ டிகாஷன் நிறத்துக்கு வரும். மேலே அழுக்கு நுரை, அடியில் கருந்துகள். பக்கத்திலேயே ஒரு சார்ட் இருக்கும்: மஞ்சள் என்றால் கிட்னி, ஆரஞ்சு என்றால் மூட்டு, பழுப்பு என்றால் கல்லீரல். பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

காலை வைக்காமல், அதே உப்பைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் பழுப்பாகும். மின்சாரம் பாயும்போது சுருளிலுள்ள இரும்பு அரித்துத் துருவாகிறது, அவ்வளவுதான். உப்பு கூடினால் மின்சாரம் நன்றாகப் பாயும், நிறமும் சீக்கிரம் ஏறும். இப்படிப்பட்ட ஒரு மெஷினைப் பற்றி 2012-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் கால் வைத்த தண்ணீர், வைக்காத தண்ணீர், பயன்படுத்தியவர்களின் சிறுநீர், தலைமுடி என்று எல்லாவற்றையும் சோதித்தும், பாதம் வழியாக நச்சு உலோகம் வெளியேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. நஞ்சை உறிஞ்சும் என்று சொல்லி உள்ளங்காலில் ஒட்டச் சொல்லும் கால் பேடு இதன் தம்பி. அதுவும் அப்படித்தான். கினோக்கி பேடு விற்றவர்கள் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-ல் வழக்கே போட்டது.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பும் வந்தது. ராணிப்பேட்டையில் மூடிய ரசாயன ஆலையின், குரோமியம் என்ற உலோகம் கலந்த கழிவு குவிந்து கிடந்ததும் ஊரறிந்த சங்கதி. "உடம்பில் ஏறின குரோமியத்தை எடுத்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் ஆசை வராதா? ஆனால் உடம்பில் சேர்ந்த குரோமியம் பெரும்பாலும் சிறுநீரில்தான் போகிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகிறது. அந்த வேலையை உள்ளங்கால் செய்யாது. இன்னொன்று: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியமும் கலந்தே இருக்கிறது. சுருள் அந்த உலோகமாக இருந்தால், எதற்குப் பயந்து போனோமோ அது கரைகிற தண்ணீரிலேயே காலை வைக்கிறோம். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் டாக்டரைப் பார்த்து ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்வதுதான் வழி. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மெஷின் பக்கமே போகக் கூடாது.

வீட்டு வெந்நீருக்கு வருவோம். வாளியில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஒரு பிடி கல் உப்பு. நஞ்சு எதுவும் இறங்காது. ஆனால் நாளெல்லாம் நின்று வேலை பார்த்த காலுக்கு இதமாக இருக்கும். பாதம் சூடாகி ரத்தக் குழாய் விரிவதால் தூக்கமும் சீக்கிரம் வரும். மெஷினில் உட்கார்ந்து எழுந்தவர்கள் "உடம்பே லேசாயிடுச்சு" என்று சொல்வதும் இந்த இதத்தைத்தான். அதற்கு வாளி போதும்.

சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்களுக்கு மட்டும் இந்த வாளியும் ஆபத்து. என் பெரியம்மாவுக்குச் சூடு தெரியவில்லை. கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டில் பார்த்தோம். அப்படிப்பட்ட காலைப் பற்றி உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஊர் வேலூர். இங்குள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் ஆறாத புண் வருவது வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் என்று எடுத்துக்காட்டினார். வேலூருக்குப் பக்கத்தில் 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையமும் அந்தக் கால்களைக் காப்பாற்றும் வேலையைத்தான் செய்து வந்திருக்கிறது. தொழுநோயாளிகளுக்கு அங்கே சொல்லும் முறையில் மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை. சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் போல ஊறவைத்து, காய்த்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவ வேண்டும். நரம்பு கெட்டால் வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்புதான் புண்ணாகிறது. எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

சர்க்கரைக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு ஊறவைக்கவே வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, தினமும் உள்ளங்காலைப் பார்த்தால் போதும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். மெஷினுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு) வாங்குங்கள். அதை வீட்டுக்குள்ளும் போட்டு நடங்கள்.