ஐ2சி, எஸ்பிஐ: லினக்ஸ் பலகையில் எதை அமைப்பது எளிது?

எம்பெடட் லினக்ஸ் பலகையில், உணரி, திரை போன்ற சாதனங்களை இணைக்கும் ஐ2சி, எஸ்பிஐ என்ற இரு தொடர்புப் பாதைகளில் எதை இயக்குவதானாலும், டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் விவரங்களை லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) அதன் ஸ்டேட்டஸை 'ஓகே' என மாற்றி, உரிய பின்களை ஒதுக்க வேண்டும். வேறுபாடு அதன் பிறகே தொடங்குகிறது. அங்கே எழுதும் 'ரெக்' மதிப்பு ஐ2சி-யில் சாதனத்தின் முகவரி, எஸ்பிஐ-யிலோ வெறும் சிப் செலக்ட் எண் (எந்தச் சாதனத்துடன் பேசுவது எனத் தேர்ந்தெடுக்கும் கம்பியின் எண்).

ஐ2சி-யில் புல்-அப் மின்தடைகள் (கம்பிகளை உயர் மின்னழுத்தத்தில் நிறுத்துபவை) சரியாக இருந்தால், இணைந்த சாதனங்களைத் தேடும் ஐ2சி-டிடெக்ட் கட்டளை 48 போன்ற ஹெக்ஸ் முகவரியைக் கட்டத்தில் காட்டும். டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) ஏற்கெனவே அதைப் பற்றியிருந்தால் 'யூயூ' என்று வரும். எஸ்பிஐ-யில் இப்படித் தேட வழியில்லை. கடிகார மோடு (கடிகாரத் துடிப்பின் எந்த விளிம்பில் பிட்டைப் படிப்பது என்ற அமைப்பு) பிசகினால், பிழைச்செய்தி எதுவுமின்றி, பெரும்பாலும் ஒரு பிட் தள்ளிப்போன எண்களே வந்துகொண்டிருக்கும் (எனக்கு இதிலேயே ஒரு மாலைப்பொழுது போனதுண்டு).

ஆயினும், ஐ2சி வழக்கமாக 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிட, எஸ்பிஐ பல மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால், திரைக்கு எஸ்பிஐ-யையே தேர்வேன். வெப்ப உணரிக்கு ஐ2சி போதும்.