ஆக்கனில் படிக்கும் மனைவிக்கு ஒரு புதுப்பித்த திங்க்பேட் டி14

என் மனைவி ஜெர்மனியின் ஆக்கன் நகரில் இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு படிக்கிறார். நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து அவர் கொண்டு சென்ற மடிக்கணினி ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியைக் கொண்டது என்பதால், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்துள்ள தகுதிக்குள் அது வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மேலும் ஓராண்டுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனாலும் 8 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு மேட்லாப்பையும் ஒரு வரைகலை மென்பொருளையும் சேர்த்துத் திறக்க முடியாத நிலையில், இன்னும் ஓராண்டு இழுத்தடிப்பதில் பொருளில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். அப்படி வாங்கிய லெனோவோ திங்க்பேட் டி14, முதல் தலைமுறை, ஏஎம்டி செயலி கொண்ட மடிக்கணினியைப் பற்றியும், அதை வாங்கிய வழியைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டிலும் நண்பர்களிடமும் பேச்செடுத்தவுடன் வந்த யோசனை, சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, ஜெர்மனிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்பதுதான். நான் அதை ஏற்கவில்லை. ஒரு கணினி எந்த நாட்டில் இருந்து உழைக்கப்போகிறதோ, அந்த நாட்டில்தான் அதை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே மடிக்கணினிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. ஜெர்மனியில் மதிப்புக் கூட்டு வரி 19 விழுக்காடு. இந்த ஒரு விழுக்காட்டு வேறுபாட்டுக்காக நாம் இழப்பது மிகுதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர் அனுப்பும் பரிசுப்பொருளுக்கு 45 யூரோ வரைதான் வரிவிலக்கு. மடிக்கணினிக்குச் சுங்கவரி கிடையாது என்றாலும், 19 விழுக்காட்டு இறக்குமதி வரி உண்டு. விமானத்தில் வருபவர் பரிசாகக் கொண்டுவரும் பொருளுக்கு வரம்பு 430 யூரோ. ஒரே பொருள் அந்த வரம்பைத் தாண்டினால், மிகுதியான தொகைக்கு மட்டுமன்றி அதன் முழு மதிப்புக்கும் வரி போடுவார்கள். அந்தப் பொறுப்பை நட்புக்காக உதவ வந்தவர் தலையில் ஏற்றுவது முறையன்று. இவை எல்லாவற்றையும் விட, மூன்றாம் மாதத்தில் திரை மங்கிப்போனால் எந்தக் கடையின் வாசலில் போய் நிற்பது என்ற கேள்விக்கு ரிச்சி தெரு ரசீதில் விடை கிடையாது.

புதிய கணினியா, பழையதைப் புதுப்பித்ததா என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியில் படிக்க விசா கேட்கும் மாணவர், முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எம்4 சில்லுடன் வந்த மேக்புக் ஏர் அங்கே 1,199 யூரோவுக்கு அறிமுகமானது. அருமையான கருவிதான், ஆனால் சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்கள் விண்டோஸை நம்பியே இருப்பதால் அவருடைய படிப்புக்கு அது பொருந்தாது. ஜெர்மன் நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்துச் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் அங்கே பெருமளவில் புதுப்பிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. வெளித்தோற்றத்தைப் பொறுத்து ஏ, பி என்று தரம் பிரிப்பார்கள். மூடியில் இரண்டு கீறல் இருப்பதால் பி தரமானது விலை குறைகிறது என்றால், அது வாங்குபவருக்கு லாபம்தான். நாங்கள் வாங்கியது பி தரம். சார்ஜரையும் சேர்த்து 400 யூரோவுக்குள் முடிந்தது.

டி14 முதல் தலைமுறை 2020-இல் வெளிவந்தது. ஏஎம்டி வகையில் உள்ள ரைசன் 5 புரோ 4650யூ செயலிக்கு ஆறு கோர்கள். விண்டோஸ் 11-ஐ அது முறையாக ஏற்கிறது. விற்பனைப் பக்கங்களில் "16 ஜிபி ரேம், 14 அங்குல முழு எச்டி திரை" என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் இரண்டு செய்திகள் மறைந்திருக்கின்றன. இந்த மாதிரியில் ரேமின் ஒரு பகுதி தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மற்றொன்றைச் செருக ஒரே ஒரு இடம் உண்டு. 8-உம் 8-உமாகச் சேர்ந்த 16 ஜிபி என்றால் இரட்டைத் தடத்தில், அதாவது இரண்டு பகுதிகளும் ஒரே நேரத்தில் இயங்கும்; செயலியோடு ஒட்டிய வரைகலைப் பகுதி முதன்மை நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால் வேகத்தில் இது நன்றாகவே தெரியும். பலகையிலேயே 16 இருந்து செருகும் இடம் காலியாக இருந்தால், இன்றைய வேகம் சற்றுக் குறைவு, நாளைக்கு இடம் மிகுதி. திரையிலும் இதே கதைதான்: இந்த மாதிரி 250 நிட் ஒளிர்வுள்ள திரையோடும் வந்தது, 400 நிட் திரையோடும் வந்தது. முதலாவதில் நிறங்கள் வெளிறித் தெரியும்; சன்னலோரம் உட்கார்ந்து படிப்பது கடினம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் கேட்டு வாங்கி, லெனோவோவின் விவரக்குறிப்புப் பக்கத்தில் பார்த்தால், தொழிற்சாலையிலிருந்து அது எப்படி வெளிவந்தது என்பது தெரிந்துவிடும். நாங்கள் எழுதிக் கேட்ட விற்பனையாளர் மறுநாளே எண்ணைத் தந்தார். 400 நிட் திரை என்று உறுதியான பிறகுதான் பணம் கட்டினோம்.

விசைப்பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தியாவிலிருந்து தேர்வு செய்பவர் கண்ணில் கடைசியாகப் படுவது அதுதான். ஜெர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். மேலே இரு புள்ளி வைத்த யூ, ஓ, ஏ ஆகிய மூன்று எழுத்துகளும் வலப்பக்கத்தில் தனித்தனி விசைகளைப் பிடித்துக்கொள்ளும். நிரல் எழுதுபவருக்கு அன்றாடம் வேண்டிய சதுர அடைப்பும் நெளிவு அடைப்பும் வலப்பக்க ஆல்ட் விசையோடு 7, 8, 9, 0 எண்களை அழுத்தினால்தான் வரும். அமெரிக்க அமைப்புள்ள விசைப்பலகை அங்கே புதுப்பித்த சந்தையில் அரிது. கிடைத்தாலும் விலை கூடுதல். நாங்கள் ஜெர்மன் பலகையையே வாங்கினோம். பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருக்கும் கணினிகள் எல்லாம் அந்த அமைப்புதான் என்பதால் அவருடைய கை அதற்கு ஏற்கெனவே பழகியிருந்தது. நிரல் எழுதும்போது மட்டும் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி அமெரிக்க அமைப்புக்கு மாறிக்கொள்கிறார்.

தமிழ் எழுதுவதற்கு ஒரு தடையும் இல்லை. அவர் தமிழ் 99 அமைப்பில் எழுதுபவர். அது விசையின் இடத்தைப் பார்க்கிறதே தவிர, அதன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே இரு புள்ளி வைத்த யூவை அழுத்தினால் ச வருகிறது. இரு புள்ளி ஓவில் ந, அதற்கடுத்த ஏயில் ய, இசட் என்று அச்சிட்ட இடத்தில் ள. பார்க்காமல் தட்டச்சு செய்பவருக்கு இதில் தடுமாற எதுவுமில்லை. இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வேற்று நாட்டுப் பலகையின் மேல் ஜெர்மன் எழுத்துகளை வில்லையாக ஒட்டி விற்பவர்களும் உண்டு; சில மாதங்களில் அதன் ஓரம் பெயர்ந்து விரலில் ஒட்டும். அச்சிட்ட பலகையா, ஒட்டிய பலகையா என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் சொல்லிவிடுவார்.

பணம் கட்டுவதில் இரண்டு வழிகள் இருந்தன. என் கடன் அட்டையில் கட்டலாம் என்றால், 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகும், ஜெர்மன் முகவரி இல்லாத அட்டையை ஏற்காத கடைகள் உண்டு. செலாவணி மாற்றத்துக்கு அட்டை நிறுவனம் கூடுதல் கட்டணம் எடுத்து, அந்தக் கட்டணத்தின் மேல் வரியும் போடும். பொருள் பிடிக்காமல் திருப்பி அனுப்பினால், யூரோ மறுபடியும் ரூபாயாக மாறும்போது இன்னொரு முறை இழப்பு. அதனால் குடும்பப் பராமரிப்பு என்ற வகையில் வங்கி வழியாக அவர் கணக்குக்கே தொகையை அனுப்பினேன். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான இத்தகைய பணப்பரிமாற்றத்துக்கு மூலத்தில் வரி வசூலிப்பதில்லை. அவர் தம் பெயரில், தம் முகவரிக்கு வாங்கினார். ரசீது அவர் பெயரில் இருப்பது மிகவும் முக்கியம். பின்னாளில் குறை சொல்லிக் கடைக்குப் போகப்போவது அவர்தானே தவிர நான் அல்லன்.

பெயர் விஷயத்தில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. ஜெர்மனியில் வீட்டு எண் மட்டும் போதாது. வாசலில் இருக்கும் அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் எழுதியுள்ள பெயரைப் பார்த்துத்தான் பொருளைத் தருவார்கள். பகிர்ந்து வாழும் குடியிருப்பில் அவர் பெயர் அங்கே இல்லையென்றாலோ, பெட்டியின் மேல் என் பெயர் இருந்தாலோ, பொருள் வந்த வழியே திரும்பிவிடும். ஆள் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுச் சீட்டு வைத்துப் போவதும் அங்கே வழக்கம். பொதிகளைக் கொண்டுசேர்க்கும் டிஎச்எல் நிறுவனத்தின் பாக்ஸ்டேஷன் என்னும் தானியங்கிப் பெட்டகத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் வகுப்பு முடிந்து போகும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

பெட்டியைப் பிரித்த அன்று மாலை, இங்கே இரவு, இருவரும் காணொளியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். முதலில் ஜெர்மனில் திறந்த விண்டோஸ் 11 புரோவை ஆங்கிலத்துக்கு மாற்றினோம். புரோ பதிப்பில் அதற்குத் தடையில்லை. அடுத்து, கட்டளைச் சாளரத்தில் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொன்னேன். இதன் பேட்டரி புதிதாக இருக்கும்போது 50 வாட்-மணி கொள்ளும். அறிக்கை காட்டிய இன்றைய முழுக் கொள்ளளவு 41. ஐந்து ஆண்டு பழகிய பொருளுக்கு இது நல்ல நிலை. பிறகு இரண்டு யூஎஸ்பி-சி துளைகளிலும் மாற்றி மாற்றிச் சார்ஜரைச் செருகிப் பார்த்தோம். இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது: அலுவலகத்தில் நாள்தோறும் செருகி எடுத்த துளைதான் பழைய திங்க்பேட்டில் முதலில் தளர்வது. இணையவழி வாங்கிய பொருளை, கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும் உரிமை அங்கே சட்டப்படி உண்டு. ஆகவே இந்தச் சோதனைகளை முதல் நாளிலேயே முடித்துவிடுவது நல்லது.

பயன்பாட்டில் இதன் பெரும் பலம் தட்டச்சுதான். விசைகள் ஆழமாக இறங்கி எழுகின்றன. நீண்ட அறிக்கை எழுதுபவர் கை சோர்வதில்லை. அறையின் சுவரில் இருக்கும் ஈதர்நெட் இணையக் கம்பியை இணைப்பான் ஏதுமின்றி நேரே செருக முடிகிறது. மேட்லாப், பைத்தான், நடுத்தர அளவு வரைபடங்கள் எல்லாம் தடையின்றி ஓடுகின்றன. பெரிய உருவகப்படுத்தலுக்கு இது போதாது. ஆனால் அந்த வேலைக்கு எந்த மெல்லிய மடிக்கணினியும் போதாது, பல்கலைக்கழகத்தின் கணினித் தொகுதிக்குத்தான் போக வேண்டும்.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது கேமராவை. அது 720பி தரம் மட்டுமே. பகல் வெளிச்சத்தில் பரவாயில்லை; ஆக்கனின் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, மேசை விளக்கில் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. வகுப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பிரிந்து வாழும் கணவன் மனைவிக்கு அப்படி அன்று. நாளின் முடிவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இந்தக் கேமரா வழியாகத்தான். வெளிநாட்டில் இருக்கும் துணைக்குக் கணினி தேடுபவர்கள், செயலிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது கேமராவுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் தனியாக ஒரு 1080பி கேமராவை வாங்கித் திரைமேல் பொருத்திக்கொண்டோம். அந்தச் செலவையும் சேர்த்தே இதன் விலையைக் கணக்கிட வேண்டும்.

பழைய பொருளுக்கு விற்பனையாளரின் சட்டப்பூர்வப் பொறுப்பை அங்கே ஓராண்டாகக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. எங்கள் ரசீதிலும் ஓராண்டுதான். அந்த ஆண்டுக்குள் குறை தென்பட்டால், அது வாங்கும்போது இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்தான் என்பதை 2022 முதல் ஜெர்மன் சட்டம் உறுதிசெய்கிறது. அதன் பிறகு செலவு நம்முடையது. அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தி அதைக் கழற்றினால் பேட்டரியை எட்டி மாற்றலாம். படிப்படியான பராமரிப்புக் கையேட்டை லெனோவோவே வெளியிட்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அவர் ஊருக்கு வரும்போது சார்ஜரைச் சுமந்து வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே வீட்டில் இருக்கும் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரே இதற்குப் போதும்.